பழக்காரரிடம் மிஞ்சிய சொல்

மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் பழக்காரர் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்யாணம் வேண்டாம். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாக்கு எங்கேயோ தடுக்கி விழுந்து எழுந்தது. கடைசியில் வெளியே வந்தது, "இனிக்கும்."

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. இல்லை, இது இல்லை என்று மறுபடியும் முக்கினார். "இனிக்கும்." கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை. "இனிக்கும்!"

"பேசிட்டாரு! பேசிட்டாருங்க!" என்று அவர் மனைவி வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சுமூச்சில்லாமல் கிடந்த ஆள் எழுந்ததும் இனிக்கும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பழக்காரருக்கு மட்டும் வரவில்லை.

டாக்டர் விவரமாகத்தான் சொன்னார். "மூளையில பேச்சு இருக்கற இடத்துக்கு ரத்தம் போகாம நின்னுடுச்சும்மா. சில பேருக்கு எல்லாம் அழிஞ்சு, நாள்பட்டு வாயில ஊறின ஒரு சொல் மட்டும் தங்கிடும். நீங்க சொல்றது அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைக்கறதுதான் வெளிய வராது. எழுதவும் வராது. தலையாட்டுறதையும் நம்பாதீங்க, ஆமாங்கறதும் இல்லைங்கறதும் மாறிப் போகும்."

வாயில் ஊறின சொல்தான். மீசை அரும்பின நாளிலிருந்து அதைச் சொல்லியேதான் அவர் குடும்பம் நடத்தினார். நாற்சந்தியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, தள்ளுவண்டியில் ஆரஞ்சும் பப்பாளியும் கோபுரமாக அடுக்கி வைத்து, "இனிக்கும்... இனிக்கும்... எடுத்துப் பாரு, இனிக்கும்!" என்று கூவுவார். முதல் சொல்லை இழுப்பார், இரண்டாவதை வெட்டுவார், மூன்றாவதை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார். அங்கே நிற்கும் போக்குவரத்துக் காவலர், "யோவ், உன் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பல்லு கூசுதுய்யா" என்பார்.

அதற்காக ஆள் இனிப்பானவர் என்று நினைத்துவிட வேண்டாம். இனிப்பெல்லாம் வண்டியோடு சரி. வீட்டுக்கு வந்தால் உர்ரென்று இருப்பார். இரண்டு வார்த்தைக்கு மேல் கேட்டால் மூக்கின் மேல் கோபம் வரும். "ஊருக்கெல்லாம் இனிக்கும், வீட்டுக்கு மட்டும் காரமா?" என்று மனைவி குத்திக்காட்டுவாள். அந்தக் காரமெல்லாம் ஒரே ஒரு ஆளிடம் செல்லுபடியாகாது. அவருடைய ஒரே மகள். கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை அவளுக்கு. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத பெண். அவள் கடையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அப்பா வண்டியில் ஒரு பழம் உரித்துத் தயாராக இருக்கும். வாங்கித் தின்றுகொண்டே வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீடு வருவாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

மகளுக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் மண்டிக்காரர். பழக்காரர் நாள்தோறும் சரக்கு எடுப்பது அவரிடம்தான். மண்டிக்காரர் பேசினால் பேச்சில் ஈ மொய்க்கும். "எங்க அக்கா பையன். பக்கத்து ஊர்ல சொந்தமா மரப் பட்டறை வெச்சிருக்கான். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, ஒண்டிக்கட்டை. உங்க பொண்ணை உள்ளங்கையில வெச்சுத் தாங்குவான். இனிமே உங்களுக்கென்ன பழக்காரரே, நீங்க கூவவே வேணாம், வாழ்க்கையே இனிக்கும்!" நாளெல்லாம் இனிப்பு விற்கிறவர் அந்த இனிப்பில் தொபுக்கடீரென்று விழுந்தார். அன்று வீட்டுக்கு வந்து உர்ரென்று இல்லாமல் வாயெல்லாம் பல்லாக மனைவியிடம் சொன்னார். "நம்ம பொண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கெடைக்காது. இது மட்டும் முடிஞ்சா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்." மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாப்பிள்ளையின் படத்தை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி அவரே சாய்த்து வைத்தார்.

உறுத்தியது ஒரு சின்ன விஷயம். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் மண்டிக்காரர் பேச்சை மாற்றினார். "வீட்டுல யாரு இருக்கா, பட்டறைக்கு வாங்களேன்" என்றார். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். கேட்டபோதெல்லாம் இப்படி வழுக்கினால்? பழக்காரருக்கு மண்டைக்குள் எறும்பு ஊர ஆரம்பித்தது. சரக்கு எடுக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு கூடை ஆரஞ்சோடு பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினார். சந்தேகம் பொய்யாகப் போனால் வீட்டில் யாருக்கும் தெரியவே வேண்டாம் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம்தான் பின்னால் அவர் கழுத்தை அறுத்தது.

பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் தெருவை விசாரித்துக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் கூவிக்கொண்டே நடந்தார். பழம் விற்கிறவனை எந்தத் தெருவும் சந்தேகப்படாது. சொன்ன வீட்டின் கதவு பாதி திறந்தது. ஒரு பெண் தலைப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பை ஒட்டிக்கொண்டு ஒரு குழந்தை.

"கொழந்தைக்குக் காய்ச்சல். ரெண்டு பழம் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினாள். முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வட்ட வட்டமாகச் சுட்ட தழும்புகள். சிகரெட்டால் வைத்தவை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தழும்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டு இன்னும் ஆறாமல் ஈரமாக இருந்தன. அவர் பார்ப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். "அவர் வர்ற நேரம். சீக்கிரம் போயிடுங்க."

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. குழந்தை கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. அப்பா வருகிற சத்தத்துக்கு வாசலுக்கு ஓடிவருகிற பிள்ளைகளைத்தான் பழக்காரர் பார்த்திருக்கிறார். வண்டியிலிருந்து இறங்கியது அவர் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே முகம். "யாரைக் கேட்டுடி கதவைத் தொறந்தே?" என்று அவளை ஒரே தள்ளாக உள்ளே தள்ளிவிட்டு, திரும்பி இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "என்ன பெரியவரே, பழம் இனிக்குமா?"

"இனிக்கும்" என்றார் பழக்காரர். பாழாய்ப்போன பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டதற்கு அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவன் பொண்டாட்டிதான். கட்டிட்டு வந்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. பெத்தவங்க இல்லாத பொண்ணு, எங்க போவா? அது கத்துறது இந்தத் தெருவுக்கே பழகிப்போச்சு." பழக்காரர் கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். மனைவியிடம் எப்படிச் சொல்வது, மண்டிக்காரரை எந்தச் செருப்பால் அடிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது கம்பியைப் பிடித்திருந்த வலது கை தானாக நழுவியது. ஏன் நழுவுகிறது என்று அதைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தவர்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். வலது பக்கம் மரத்துப்போயிருந்தது. மனைவி சும்மா சொல்லக்கூடாது, தாயாக இருந்து பார்த்துக்கொண்டாள். போகப் போக அவர் சொல்லும் அந்த ஒரு சொல்லிலேயே அகராதி போட்டுவிட்டாள். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் ஒன்றுக்குப் போக வேண்டும். முனகினால் முதுகைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு தடவை அடுக்கிச் சொன்னால் ஜன்னலைச் சாத்த வேண்டும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் அவளுக்கு ஒரு கர்வமும் வந்துவிட்டது. "அவர் என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேனே" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். தண்ணீர் விஷயத்தில் சரியாக இருந்தவள் எல்லா விஷயத்திலும் சரியாக இருப்போம் என்று நம்பிவிட்டாள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, தன் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னாள். பழக்காரருக்கு அந்தத் தம்பியைத் தெரியும், நல்ல பையன். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். "இனிக்கும்." தையல்காரம்மா விருட்டென்று எழுந்து போனவள் பல நாள் இந்த வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தெருப் பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். ஜன்னலில் தொற்றிக்கொண்டு, "பழத்தாத்தா, பரீட்சை எப்படி இருக்கும்?" "பழத்தாத்தா, வாத்தியார் அடி எப்படி இருக்கும்?" என்று கேட்டு, பதில் வந்ததும் கைதட்டிக்கொண்டு ஓடும். அவர் இடது கையால் தலையணையைத் தூக்கி எறிவார். எறிந்துகொண்டே, "இனிக்கும்! இனிக்கும்!" என்று கத்துவார். அதுதான் அவரிடம் இருந்த கெட்ட வார்த்தை.

அவர் மனசுக்குள் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முன்பாவது பேசச் சோம்பல்பட்டார், இப்போது நெஞ்சுக்குள் வாக்கியம் வாக்கியமாக ஓடியது. அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். பிள்ளை இருக்கிறது. சிகரெட்டால் சுடுகிறான். என் பெண்ணைக் கொன்றுவிடுவான். எல்லாம் தொண்டைவரை ஒழுங்காக வந்து, பல்லைத் தாண்டும்போது ஒரே பழமாகக் கனிந்து விழுந்தது.

கல்யாணப் பேச்சு நிற்கும் என்று நினைத்தார். இரட்டிப்பு வேகத்தில் நடந்தது. "அவர் கண்ணை மூடறதுக்குள்ள பொண்ணு கழுத்துல மாலையைப் பாக்கணும். அதுதான் அவரோட ஆசை, அவர் வாயாலயே சொன்னாரு" என்றாள் மனைவி. அவர் வாய் நன்றாக இருந்தபோது சொன்னது அவரையே இப்படி வந்து அடித்தது.

அலமாரியில் இருந்த படத்தை ஒருநாள், மனைவி கடைக்குப் போயிருந்தபோது, கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, தவழ்ந்து போய் எடுத்தார். ஒரு கையால் கிழிக்க முடியவில்லை. பல்லில் கடித்து இழுத்து இரண்டாகக் கிழித்தார். மனைவி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை முகத்தைப் பாக்கணும்னு தவழ்ந்தா போனீங்க? என்னைக் கூப்பிட்டா எடுத்துத் தரமாட்டேனா? பாருங்க, கை நிக்காம கிழிஞ்சுபோச்சு." பசை தடவி ஒட்டி, அவர் எழுந்திருக்காமலே பார்க்கட்டும் என்று கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினாள். அதன் பிறகு கண்ணைத் திறந்தால் அந்த முகம்தான்.

பிறகு அந்த முகமே நேரில் வந்தது. மண்டிக்காரர் முன்னால் வர, பின்னால் ஒரு தட்டு நிறைய ஆப்பிளோடு மாப்பிள்ளை வந்தான். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அவன் கால் ஒரு நொடி தரையில் ஒட்டிக்கொண்டது. கூடைக்காரக் கிழவன்! அவன் முகம் வெளுத்ததைப் பழக்காரர் பார்த்தார். அதற்குள் மனைவி, "பாவம் தம்பி, எல்லாம் புரியும். ஆனா இனிக்கும்ங்கற ஒரு சொல்லைத் தவிர வேற பேச்சு வராது. எழுதக்கூட வராது" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவன் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. உட்கார்ந்தான்.

பழக்காரர் இடது கையால் தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்தார். கட்டைவிரலாலேயே தடவி அதில் அழுகல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டி, மாப்பிள்ளையைக் காட்டினார். மறுபடி அழுகலைக் காட்டினார், மறுபடி அவனைக் காட்டினார். மனைவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வந்தவங்க பழத்துலயா குறை பாப்பீங்க? தொழில் புத்தி போகலை பாருங்க" என்று பிடுங்கி வைத்தாள். மண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த தடவை நல்ல சரக்கா அனுப்பறேன் சம்பந்தி!"

மாப்பிள்ளை ஒரு கத்தி கேட்டு வாங்கினான். வேறொரு ஆப்பிளை எடுத்துப் பொறுமையாகத் தோல் சீவி, ஒரு துண்டு நறுக்கி, பழக்காரர் வாயைத் திறந்து அவனே ஊட்டினான். ஊட்டும்போது அவர் காதோரம் குனிந்தான். "இனிக்குதா மாமா?" அப்படியொரு குழைவு அந்தக் குரலில். வாசலில் நின்ற தையல்காரம்மாவே, கோபத்தையெல்லாம் மறந்து, "தங்கமான புள்ள" என்றாள். பழக்காரர் துண்டைத் துப்பினார். "வாய் கோணியிருக்கில்ல, நிக்காது" என்று மனைவி துடைத்துவிட்டாள். போகும்போது மண்டிக்காரர், அவர் இருக்கிற நிலைமையில் தள்ளிப்போட வேண்டாம், வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து நாள் குறித்துவிடலாம் என்றார். அவசரம் யாருடையது என்று பழக்காரருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். அந்தச் சொல்லையாவது வேறு மாதிரிச் சொல்லிப் பார்ப்போம் என்று நாளெல்லாம் கிடந்து பழகினார். அழுதுகொண்டே சொன்னார், உறுமிக்கொண்டே சொன்னார், மூச்சோடு மூச்சாகச் சொன்னார். உலகத்தில் எல்லோருக்கும் கசப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறார்கள், அதில் ஒன்றை எனக்குக் கொடுக்கக்கூடாதா என்று சுவரைப் பார்த்து ஏங்கினார். எப்படிச் சொன்னாலும் கடைசியில் குரல் தானாகத் தூக்கிக்கொண்டு, நாற்சந்தியில் ஆரஞ்சு விற்கிற மாதிரியே முடிந்தது.

சனிக்கிழமை காலையில் மகள் வேலைக்குக் கிளம்புமுன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலை வாரிவிட்டாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. பழக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முன்கையை விரித்து, ஆள்காட்டி விரலால் வட்டம் வட்டமாக அழுத்தினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி அழுத்தி, எதிரே மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். "இனிக்கும்! இனிக்கும்! இனிக்கும்!" கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

மகள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "வளையல் போட்டுப் பாக்கணும்னு ஆசையாப்பா? அழாதீங்க. எனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னே தெரியலை. அவர் சிரிக்கிறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஆனா நீங்க ஆசைப்பட்ட எடம். உங்களுக்காகத்தான் சரின்னு சொல்லியிருக்கேன். உங்களுக்காக மட்டும்தான்."

அவள் போன பிறகு பழக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இவ்வளவு நாள் அவள் தலையெழுத்துக்கு அவர் சாட்சி என்று நினைத்திருந்தார். அவரைக் காரணமாகவே ஆக்கிவிட்டார்கள். செத்துப்போனால் நிற்குமா என்று யோசித்தார். அதுவும் நிற்காது, அப்பாவின் கடைசி ஆசை என்று இன்னும் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். நாளைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், சரிதானே சம்பந்தி என்று கேட்பார்கள். இவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டுவிட்டுக் கைதட்டப் போகிறார்கள்.

அப்போதுதான் அது தோன்றியது. சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஆனால் சொல்லாமல் இருக்க முடியுமே?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம். கஞ்சி கொடுத்தாள், உதட்டிலிருந்து வழிந்தது. ஒன்றுக்கு வந்தபோதும் கூப்பிடவில்லை, துணியிலேயே போனார். "என்னங்க, உடம்பு என்ன பண்ணுது? இனிக்கும்னாவது சொல்லுங்களேன்" என்று மனைவி பதறினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலது பக்கத்து உதடு அவர் பேச்சைக் கேட்காது, எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளும். அதனால் கீழுதட்டை உள்ளே இழுத்துப் பல்லுக்கடியில் வைத்துப் பூட்டினார்.

கூடம் நிறைந்துவிட்டது. மண்டிக்காரர், மாப்பிள்ளை, அவன் பக்கத்து மனிதர்கள், தையல்காரம்மா, ஜன்னலில் தெருப் பிள்ளைகள். பேசி முடித்தார்கள், நாளும் சொன்னார்கள். மண்டிக்காரர் எழுந்து கட்டிலருகே வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கேட்டார். "என்ன சம்பந்தி, இந்தக் கல்யாணம் எப்படி இருக்கும்?"

எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள். ஒன்றும் வரவில்லை.

"கூச்சப்படறாரு! சொல்லுங்க சம்பந்தி, எப்படி இருக்கும்?"

பழக்காரர் அவரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து அந்தச் சொல் ஏறி வந்துகொண்டிருந்தது. அவருக்கே தெரிந்தது, வேண்டாம் என்று நினைத்தாலே அது இனிக்கும் என்று ஏறி வரும். நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல்லை இறுக்கினார். "சொல்லுங்க தாத்தா! சொல்லுங்க தாத்தா!" என்று ஜன்னலில் பிள்ளைகள் கத்தின. மனைவி குனிந்து, அவருடைய அதே கூவலில், "இனிக்கும்... இனிக்கும்..." என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் உதட்டுக்கடியிலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கி முகவாயில் சொட்டியது.

மகள் அதைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிலருகே மண்டியிட்டாள். ஓரம் தேய்க்கும்போது லென்ஸைப் பார்ப்பதுபோல அவர் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பல், அந்த ரத்தம், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"அப்பா," என்றாள் மெதுவாக. "வேண்டாமாப்பா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கேட்டுவிட்டாள். உடம்பில் மிச்சமிருந்த உயிரெல்லாம் ஆமாம் ஆமாம் என்று குதித்தது. பூட்டு கழன்றது. ரத்தம் தெறிக்க வாய் திறந்து, "இனிக்கும்!" என்று கூவிவிட்டார்.

கூடமே வெடித்துச் சிரித்தது. கைதட்டல். "சொல்லிட்டாரு! சம்பந்தி வாய் தொறந்துட்டாரு!" மனைவி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழக்காரர் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள ஆரம்பித்தார். தோற்றுவிட்டோம், எல்லாம் போய்விட்டது.

மகள் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தாள். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து நின்றாள். உயர்த்தத் தெரியாத அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பச் சொன்னது எங்கப்பாவோட வாய். வாயைக் கடிச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தாரே, அதுதான் எங்கப்பா. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"என்னடி பேசறே?" என்று அம்மா பாய்ந்தாள். மண்டிக்காரர், "பாப்பா, சீக்காளியோட..." என்று தேனைக் குழைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் வந்தான். இத்தனை பேர் முன்னால் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வதை அவனால் செரிக்க முடியவில்லை. முகத்திலிருந்த குழைவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எல்லாம் இந்தக் கெழவன் வேலை! கூடையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னு அவகிட்டப் பேச்சுக் குடுத்தப்பவே மண்டையைப் பொளந்திருக்கணும்!"

மண்டிக்காரர் அவன் வாயைப் பொத்தினார். பொத்தி என்ன பயன், அது வெளியே வந்துவிட்டது. பழக்காரரின் மனைவி மெல்லத் திரும்பினாள்.

"உங்க வீட்டு வாசல்லயா?" என்று கேட்டாள். "எப்போ? யார்கிட்டப் பேச்சுக் குடுத்தாரு? உங்க வீட்டுல யாரு இருக்கா தம்பி?"

மாப்பிள்ளை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான், மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். மண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தையல்காரம்மா வாசலைக் காட்டினாள்.

மனைவி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கிழித்து ஒட்டிய படத்தைப் பார்த்தாள். கணவனின் கடிபட்ட உதட்டைப் பார்த்தாள். அவளுடைய அகராதி முழுக்க அவள் கண்ணெதிரே பொய்யாகிக்கொண்டிருந்தது.

"என்கிட்டத்தானே சொன்னீங்க," என்றாள். "எத்தனை நாளா சொன்னீங்க. தெனமும் கத்திக் கத்திச் சொன்னீங்களே. நான் தண்ணியைக் குடுத்தேனேங்க, தண்ணியைக் குடுத்தேனே..." வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பழக்காரர் இடது கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். அழாதே என்று சொல்ல வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார்.

"பரவால்லைங்க," என்றாள் அவள் விசும்பிக்கொண்டே. "சொல்லுங்க."